உள்ளே இருக்கிறவர் போயிட்டாரு!

எந்த ஆபீஸிலும் ஒரு 'வரப்போகுது' ஆசாமி இருப்பார். எங்கள் ஆபீஸில் அவர் எனக்குப் பக்கத்து ஸீட். அவருடைய செல்போன் கண்ணாடியின் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி விரிசல். சார்ஜர் ஒயரை ஒரு தினுசாக வளைத்து, அதன்மேல் ஸ்டேப்ளரை வெயிட்டாக வைத்தால்தான் சார்ஜ் ஏறும். "மாத்திடக் கூடாதா ஸார்?" என்று கேட்டால், "இருங்க, தீபாவளிக்கு ஒண்ணு வரப்போகுது. மடிச்சா பர்ஸ், விரிச்சா பேப்பர்!" என்பார். தீபாவளி வரும். "பொங்கலுக்கு பாட்டரியே வேற மாதிரி வரப்போகுதாம்" என்பார். பொங்கலும் வரும். ஸ்டேப்ளர் அதே இடத்தில் இருக்கும்.

போன வாரம் டீ நேரத்தில் அவர் கேட்டார்: "ஆண்ட்ராய்டும் வேணாம், ஐபோனும் கட்டுப்படியாகாது. புதுசா ஒரு ஓ.எஸ். வந்தா அதுக்கு மாறிடலாம்னு பார்க்கறேன். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? இந்தப் 'புதுசா ஒண்ணு' எத்தனை தடவை வந்தது, வந்து என்ன ஆயிற்று என்பது கொஞ்சம் நீளமான கதை. சோகமும் உண்டு, சிரிப்பும் உண்டு. நடுவில் நம் ஸ்ரீபெரும்புதூர் வேறு வருகிறது.

ஓ.எஸ். எனப்படும் ஆபரேட்டிங் ஸிஸ்டத்தை கல்யாண மண்டபத்து மானேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் என்பது போன்: கண்ணாடி, காமிரா, பாட்டரி, சிப்பு எல்லாம். சமையல்காரர், நாதஸ்வரம், போட்டோகிராபர், ஐஸ்க்ரீம்காரர் இவர்களெல்லாம் 'ஆப்'கள். யாருக்கு எந்த ரூம், யாருக்கு எவ்வளவு கரண்ட், ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் என்பதெல்லாம் மானேஜர் வேலை. மண்டபம் பளிங்கில் இழைத்திருக்கலாம். மானேஜர் ஆளைக் காணோம் என்றால் அடுப்பு எரியாது!

இப்போது 2011-க்குப் போவோம். ஃபின்லாந்து நோக்கியாவிடம் 'மீகோ' என்று ஒரு மானேஜர் தயாராகிக்கொண்டிருந்தார். அவரை வைத்து அந்த வருஷம் ஜூன் மாதம் சிங்கப்பூரில் 'என்9' என்ற போனை அறிமுகப்படுத்தினார்கள். முன்பக்கத்தில் பட்டனே கிடையாது. ஓரத்திலிருந்து விரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். (ஐபோன் பட்டனை விட்டுவிட்டு இந்தத் தள்ளும் வேலைக்கு வந்தது 2017-ல்தான்.) ஆனால் பாருங்கள், அதற்கு நாலு மாதம் முன்னாலேயே, பிப்ரவரியில், நோக்கியாவின் தலைவர் ஸ்டீஃபன் ஈலாப், 'இனிமேல் எங்கள் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோஸாஃப்டின் விண்டோஸ்தான்' என்று அறிவித்துவிட்டார். அதாவது, குழந்தை பிறப்பதற்கு முன்பே தத்துக் கொடுக்க வேறு குழந்தையைப் பார்த்தாகிவிட்டது.

அதே 2011-ல் இன்னொரு கூத்து. 'வெப் ஓ.எஸ்.' என்று பாம் கம்பெனி செய்திருந்த அருமையான ஸரக்கு. திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து, வேண்டாததை மேலே தள்ளி மூடுகிறோமே, அது அவர்கள் 2009-ல் போனில் கொண்டுவந்த சமாசாரம். அந்த பாம் கம்பெனியை ஹெச்.பி. 2010-ல் 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2011 ஜூலை 1-ம் தேதி 'டச்பேட்' என்ற டாப்லெட் கடைக்கு வந்தது. ஆகஸ்ட் 18-ம் தேதி 'இதோடு நிறுத்திக்கொள்கிறோம்' என்று அறிவிப்பு. மொத்தம் 49 நாள்! ஒரு மண்டலம் ஓடியிருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். 499 டாலர் டாப்லெட்டை 99 டாலருக்குத் தள்ளினார்கள். அப்போதுதான் கூட்டம் வந்தது.

அப்புறம் ஸாம்சங்கின் 'டைஸன்'. அதை வைத்து 'ஸெட் 1' என்ற போனை முதன்முதலில் நம் நாட்டில்தான் விற்றார்கள். விலை 5,700 ரூபாய். தேதி 2015 ஜனவரி 14. பழையன கழியும் போகிப் பண்டிகை அன்று புதுசை இறக்கினார்கள். சில வருஷத்தில் அதுவே கழிந்தது. 'ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ்.' போன் 2014-ல் 1,999 ரூபாய்க்கே கிடைத்தது. 2015 டிசம்பரில் மோஸில்லா 'போன் வியாபாரம் போதும்' என்று சொல்லிவிட்டது.

ஒரு வேடிக்கை. வெப் ஓ.எஸ். இன்று எல்.ஜி. டி.வி.யில் இருக்கிறது. டைஸன் ஸாம்சங் டி.வி.யில் இருக்கிறது. போன் பரீட்சையில் ஃபெயிலானவர்கள் இரண்டு பேரும் டி.வி.யில் உத்தியோகம் பார்த்து, நம் வீட்டு ஹாலில் ஸீரியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! ஃபயர்ஃபாக்ஸின் வாரிசு 'கைஓஎஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு 2017-ல் ஜியோ போனுக்குள் புகுந்தது.

இவர்களெல்லாம் மட்டமான ஸரக்கா என்றால், இல்லை. பல விஷயத்தில் ஆண்ட்ராய்டுக்கு அண்ணன்கள். பின்னே ஏன் போனார்கள்? பந்திக்கு ஆள் வந்தால்தான் சமையல்காரர் வருவேன் என்கிறார். சாப்பாடு இருந்தால்தான் வருவோம் என்கிறார்கள் விருந்தாளிகள். நடுவில் மானேஜர் மட்டும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். விண்டோஸ் போனுக்கு இதே கதிதான். 2013-ல் மைக்ரோஸாஃப்ட் தானே முயன்று யூட்யூபுக்கு ஒரு ஆப் எழுதிப் போட்டது. யூட்யூப் கூகுளுடையது, கூகுள் அதைத் தடுத்துவிட்டது. போட்டிக்காரன் பந்தலுக்கு நம் நாதஸ்வரத்தை அனுப்புவோமா என்ன?

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சண்டை, நமக்கென்ன என்று நான் சொல்லமாட்டேன். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை வந்தபோது அந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை வீட்டில் முதல் தடவையாக மாசச் சம்பளம் நுழைந்தது! உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். ஷிப்ட் பஸ்கள் ராத்திரியிலும் ஓடின. அங்கே செய்தது பெரும்பாலும் பட்டன் போன்கள், 'ஆஷா' ரகங்கள். மலிவு ஆண்ட்ராய்டு வந்து அந்த ரகங்களின் காலில்தான் முதலில் மிதித்தது. 2013 செப்டம்பரில் மைக்ரோஸாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது நம் தொழிற்சாலை அதில் சேரவில்லை; வரி வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். 2014 நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தி நின்றது. அடுத்த வருஷம் ஜூலையில் மைக்ரோஸாஃப்ட், இந்த போன் வியாபாரக் கணக்கில் 760 கோடி டாலர் நஷ்டம் என்று எழுதி மூடியது.

அந்த லைனில் வேலை பார்த்த ஒரு பையனை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் குடியிருந்தவன். விருப்ப ஓய்வு வாங்கியபோது அவனுக்கு வயது 26. ரிட்டயர்டு என்று சொன்னால் பெண் கொடுப்பார்களா? கையில் வந்த பணத்தில் மைக்ரோஸ்கோப்பும் ஸால்டரிங் ஸ்டேஷனும் வாங்கி, காஞ்சிபுரத்தில் ஒரு செல்போன் ஸர்வீஸ் கடை போட்டான். போர்டைப் பார்த்தாலே எந்த இடத்தில் என்ன கோளாறு என்று சொல்வான். பின்னே, எட்டு மணி நேர ஷிப்டில் அதையே பார்த்த கண்ணல்லவா?

அவன் கடையில் அடி டிராயர் ஒன்று இருக்கிறது. எனக்கு அது ஒரு மியூஸியம். நோக்கியா லூமியா ஏழெட்டு கிடக்கும். ஒரு ப்ளாக்பெர்ரி 'ஸெட் 10' இருக்கிறது. 2013-ல் 43,490 ரூபாய் விலை சொன்ன போன்! ஆஷாக்கள் கலர் கலராக. ஒரு லூமியாவை எடுத்து ஆன் பண்ணிக் காட்டினான். ஜம்மென்று வெளிச்சம் வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. காமிரா பளிச்.

"இதுல என்னப்பா ரிப்பேர்?" என்றேன்.

"ரிப்பேரே இல்ல ஸார். போன் நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிறவர்தான் போயிட்டாரு" என்றான்.

ப்ளாக்பெர்ரியின் புது ஓ.எஸ்.ஸை வாட்ஸப் 2017 டிசம்பரோடு கைவிட்டது. விண்டோஸ் போன்களை 2019 டிசம்பர் 31-ம் தேதியோடு. 2022 ஜனவரி 4-ம் தேதி ப்ளாக்பெர்ரி கம்பெனியே பழைய போன்களுக்கான தன் சேவைகளை மூடியது. அன்றைக்கு யாரும் சுத்தியலால் அடித்து உடைக்கவில்லை. சிப்பு, பாட்டரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் பாங்கு ஆப் திறக்காது, பணம் அனுப்ப முடியாது, ஊரிலிருந்து அக்கா அனுப்பும் கல்யாணப் பத்திரிகை வந்து சேராது. பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டேப்ளருக்குப் பதிலாக!

"ஆளுங்க கொண்டுவந்து, 'பாட்டரி மாத்தினா சரியாயிடுமா தம்பி'ம்பாங்க ஸார். என்னத்தைச் சொல்றது? இதுல சில மாடலை நாங்களே பண்ணி அனுப்பிச்சிருக்கோம்" என்று டிராயரைச் சாத்தினான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அந்த நோக்கியா கட்டடத்தைப் பின்னால் சால்காம்ப் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டு செல்போன் சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. அதே வட்டாரத்தில் இன்று ஃபாக்ஸ்கானில் ஐபோன் தயாராகிறது. ஷிப்ட் பஸ்கள் மறுபடி ஓடுகின்றன.

சரி, பக்கத்து ஸீட்டுக்காரர் எதிர்பார்க்கிற மூன்றாவது ஓ.எஸ். வரவே வராதா? வந்திருக்கிறது. சீனாவின் ஹுவாவே கம்பெனியை 2019 மே மாதம் அமெரிக்கா தடைப்பட்டியலில் போட்டது. கூகுள் சமாசாரம் எதுவும் கிடைக்காமல் போகவே, அவர்கள் 'ஹார்மனி' என்று சொந்தமாக ஒன்றை வளர்த்து, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு ஆப்களே ஓடாத தனி வடிவத்தை வெளியிட்டார்கள். அங்கே அது நிற்கக் காரணம், வீட்டோடு கட்டாயத்துக்கு வந்து உட்கார்ந்த விருந்தாளிகள்: சீனாவின் சொந்த ஆப்கள், சொந்த பாங்குகள், அத்தனை ஜனம். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த 'பார்ஓஎஸ்' 2023 ஜனவரியில் அறிமுகமானது. வேண்டாத ஆப்களைத் தலையில் கட்டாது என்பது அதன் நல்ல குணம். ஆனால் அதற்கும் அஸ்திவாரம் கூகுள் பொதுவில் விட்டிருக்கும் ஆண்ட்ராய்டு ஸரக்குதான். தனிக்குடித்தனம் போனாலும் மாவு மாமியார் வீட்டுக் கிரைண்டரில்!

பாட்டரி விஷயத்தில் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. லித்தியம் பாட்டரியின் ஒரு பக்கத்தில் இதுவரை கிராஃபைட் இருந்தது. அதே எடைக்கு சிலிக்கன், ஏட்டுக் கணக்கில், ஏறக்குறைய பத்து மடங்கு லித்தியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், பிடித்ததும் பூரி மாதிரி உப்பும், விட்டதும் அமுங்கும். தினம் உப்பி அமுங்கினால் எது தாங்கும்? அதனால் கார்பனோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். 2023-லிருந்து சீனக் கம்பெனிகளின் போன்களில் வர ஆரம்பித்து, இன்று ஒல்லியான போனிலேயே 6,000, 7,000 எம்.ஏ.ஹெச். கிடைக்கிறது. இது காத்திருக்கத் தகுந்த சரக்கு. காத்திருந்ததும் போதும், கடையிலேயே இருக்கிறது. மடிக்கிற போன் 2019-லிருந்து வருகிறது, 2024-ல் மூன்றாக மடிவதுகூட வந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஸ்க்ரீன் போனால் செலவு என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேட்டியை மடிப்பதே சிலருக்குச் சிரமமாக இருக்கிறது.

ஆனால் நண்பர் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை ஜி.பி. என்று கேட்கிறார். உள்ளே இருக்கிறவருக்கு எத்தனை வருஷம் சாப்பாடு போடுவார்கள் என்று கேட்பதில்லை. கூகுள் 2023 அக்டோபரில் வந்த பிக்ஸல் 8-க்கு ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொன்னது. ஸாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24-க்கு அதே ஏழு. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே போட்டுவிட்டார்கள்: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் ஓ.எஸ். அப்டேட் தரவேண்டும், பாட்டரி 800 தடவை சார்ஜ் பண்ணிய பிறகும் 80 சதவிகிதம் தாங்கவேண்டும். நம் ஊர்க் கடையில் பத்தாயிரம் ரூபாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட்?" என்று கேட்டுப் பாருங்கள். விற்கிற பையன், "டெம்பர்டு கிளாஸ் ஃப்ரீ ஸார்!" என்பான். சில மலிவு மாடல்களுக்கு இரண்டே வருஷம்தான். ஈ.எம்.ஐ. முடிந்து மூச்சுவிடுவதற்குள் உள்ளே இருக்கிறவர் படுக்கையில் விழுந்துவிடுகிறார்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இப்போதே பார்க்கலாம். ஸெட்டிங்ஸில் 'அபௌட் போன்' என்று இருக்கும். அதற்குள் ஆண்ட்ராய்டு வர்ஷனைத் தொட்டால், 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி தெரியும். கடைசியாக உள்ளே இருக்கிறவருக்கு மருந்து கொடுத்த தேதி அதுதான். ஆறு மாசத்துக்குள் இருந்தால் பயப்படாதீர்கள். அதில் இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தால், அந்த போனில் பாங்கு வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் டீ நேரத்தில் எங்கள் ஸெக்ஷனில் ஒன்பது போனை வாங்கிப் பார்த்தேன். ஐந்து தேவலை. மூன்றில் 2022. பக்கத்து ஸீட்டுக்காரருடையதில் 2019 அக்டோபர். மனிதர் கொஞ்ச நேரம் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை மெதுவாக ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, "ஸார், சாயங்காலம் கடைக்கு வர்றீங்களா?" என்றார்.

மானேஜர் போனை மட்டும் பார்க்கவில்லை. இது இன்க்ரிமென்ட் மாசம்.