முத்துப்பேட்டைக் கழியும் அக்கரையும்

திருத்துறைப்பூண்டியை விட்டு முத்துப்பேட்டை நோக்கிச் செல்கையில், சாலையின் இருமருங்கும் நெல் வயல்களே காட்சியளிக்கின்றன. காவேரியின் கடைமடைப் பிரதேசம் இது. ஊரைத் தாண்டி, கோரையாற்றில் படகேறினோம். சிறிது தூரத்தில் வயல்கள் மறைந்தன; இரு கரையிலும் அலையாத்திக் காடு அடர்ந்து நின்றது. காடு முடிந்த இடத்தில் பரந்த கழி. அதற்கப்பால் பாக் நீரிணை. அதற்கும் அப்பால் யாழ்ப்பாணம்.

"எங்கள் பாட்டனார் காலத்தில் இவ்வழியாகத்தான் இலங்கைக்குத் தோணி போகும், ஐயா! போகும்போது அரிசி, வரும்போது கொட்டைப்பாக்கு" என்றார் படகோட்டி.

அவர் கூறியது மெய்யே. நாகப்பட்டினம், தோப்புத்துறை, அதிராம்பட்டினம் முதலியவற்றைப் போல முத்துப்பேட்டையும் அக்காலத்தில் ஒரு சிறு துறைமுகம். இலங்கை மலைகளில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட நம்மவர் கூலிகளாய்ச் சென்றனர். அவர்களுக்கு வேண்டிய அரிசி இங்கிருந்தும் பர்மாவிலிருந்தும் சென்றது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. இக்கரையிலும் அக்கரையிலும் மக்கள் அரிசிக்குத் தவித்தனர்.

இன்று வர்த்தகம் பெரிய கப்பல்களில் நடைபெறுகிறது. 1998 டிசம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இங்கிருந்து வெங்காயமும் அங்கிருந்து மிளகும் பாக்கும் போய் வருகின்றன.

ஆனால், மலிவு என்பது வாங்குவோருக்கு இனிக்கும், விளைத்தவருக்குக் கசக்கும். 1977-இல் இலங்கை அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தபோது, யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்க் குடியானவர்கள் பெரிதும் நலிந்தனர். இலங்கை மிளகு வந்திறங்கினால் குடகு நாட்டு மிளகு விவசாயிகள் முறையிடுகின்றனர். 2023 டிசம்பரில் நம் அரசாங்கம் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது. கொழும்பு நகரத்துச் சமையலறைகள் அதன் கஷ்டத்தை அனுபவித்தன. அடுத்த ஏப்ரலில்தான் இலங்கைக்கென்று 10,000 டன் விசேஷமாக அனுமதிக்கப்பட்டது.

இதற்கு மாறான காட்சியையும் நாம் கண்டோம். 2022-இல் இலங்கை அந்நியச் செலாவணியின்றித் திண்டாடியபோது, தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் அளிக்க முன்வந்தது. மே 18-ஆம் தேதி முதற் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. தஞ்சை ஜில்லாவின் பழைய அரிசிப் பாதை மறுபடி திறந்தாற்போல் நமக்குத் தோன்றிற்று.

ஆபத்தில் உதவுகிறவர்கள், சாதாரண நாளிலும் அண்டை வீட்டாரின் முறையை அனுசரிக்க வேண்டாமா? அவர்கள் அறுவடை செய்யும் மாதத்தில் நம் சரக்கைக் கொண்டுபோய்க் குவிக்கலாகாது. நமக்குப் பஞ்சம் வந்தவுடன் முன்னறிவிப்பின்றிக் கதவை அடைக்கலாகாது. அவர்களும் நம் குடியானவனிடம் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். இரு தேசத்தாரும் விதைக்குமுன் கலந்து பேசினால், அறுவடையில் எவரும் அழ வேண்டியதில்லை.

கரையேறுகையில் படகோட்டி, "மறுபடி தோணி விடுவார்களா, ஐயா?" என்று கேட்டார். தோணி வராவிட்டாலும், தோணிக்காரர்களிடம் இருந்த நம்பிக்கை வந்தால் போதும் என்று சொல்லி விடைபெற்றோம்.