ஒரு படமும் மூன்று படிகளும்

அல்சூர் ஏரிக்கரையில் மாலை நடையை முடித்துத் திரும்பும்போது திருவள்ளுவர் சிலையின் முன் சிறிது நேரம் நிற்பது என் வழக்கம். 1991இல் நிறுவப்பெற்ற அச்சிலை 18 ஆண்டுகள் மூடியபடியே நின்று, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. அத்தனை ஆண்டும் நாங்கள் அவ்வழியே காய்கறி வாங்கப் போனோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். மூடிய முகத்தைக் கடந்து செல்வது நாளடைவில் பழகிவிட்டது. இந்த எண்ணம் எனக்குத் தோன்றியதற்குக் காரணம் சிலையன்று. ஓர் அமெரிக்கத் திரைப்படம்.

‘ஆட்ஸ் அகெயின்ஸ்ட் டுமாரோ’ என்பது அதன் பெயர். 1959இல் இராபர்ட் வைசு இயக்கியது. குற்றமும் இரவும் நிழலும் கலந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ‘நுவார்’ என்று பெயரிட்டனர். அம்மரபின் கடைக்காலப் படைப்புகளுள் இது ஒன்று. கறுப்பினப் பாடகராகிய ஆரி பெலஃபாண்டே தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாகத் தயாரித்துத் தாமே நடித்தார். நம் நாட்டிலும் வானொலி கேட்டோர் பலர் அவருடைய கலிப்சோ பாடல்களை அறிவர்.

கதை எளியது. பணிநீக்கம் பெற்ற முதிய காவலர் ஒருவர், சிற்றூர் வங்கியொன்றைக் கொள்ளையிடத் திட்டமிடுகிறார். மாலை வேளையில் உணவு விடுதியிலிருந்து காப்பி கொண்டுவரும் கறுப்பினப் பணியாளுக்காக வங்கியின் பக்கக் கதவு திறக்கப்படுவது வழக்கம். ஆகவே அவருக்குக் கறுப்பர் ஒருவர் வேண்டும். பணியாளின் உடையும் கையில் காப்பியும் இருந்தால் போதும். முகத்தை எவரும் பார்க்கமாட்டார் என்பதே திட்டத்தின் அச்சாணி. கடனில் மூழ்கிய இசைக்கலைஞன் இன்கிராம் அதற்கு உடன்படுகிறான். மூன்றாமவன் சிலேட்டர், கறுப்பரைக் கண்டாலே முகம் சுளிக்கும் வெள்ளையன். தப்பியோடும் வண்டியின் சாவியை இன்கிராமிடம் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை, முதியவரிடம் கொடுக்கிறான். முதியவர் சுடப்பட்டு வீழ்கிறார். சாவியும் அவரோடு போகிறது. எஞ்சிய இருவரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு எண்ணெய்க் கலன்களின்மேல் ஏறிச் சுடுகின்றனர். வெடித்து எரிந்தபின் எவ்வுடல் எவனுடையது என்று யாராலும் கூற இயலவில்லை.

இப்படத்தை நான் மும்முறை மூன்று வடிவங்களில் பார்த்தேன். முதன்முறை 1988இல். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவ, அதன் பின்னே வீடியோ காசெட் கடைகள் தெருத்தோறும் முளைத்தன. எங்கள் பகுதியில் அத்தகைய கடையொன்றை ஆங்கிலோ இந்தியர் ஒருவர் நடத்தி வந்தார். லிடோ திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்த்துப் பழகிய எம்போன்றோர்க்கு அக்கடை இரண்டாவது லிடோ. (அவ்வரங்கும் இன்று இல்லை; அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துவிட்டது.) அயல்நாட்டுத் தொலைக்காட்சியில் ஓடியபோது எவரோ பதிவு செய்து, அதிலிருந்து ஒரு படி, அப்படியிலிருந்து இன்னொரு படி என்று வந்து சேர்ந்த ஒளிநாடா அது. காசெட்டில் படம் ஏறத்தாழ 240 கோடுகளின் நுட்பத்தோடுதான் பதியும். ஒவ்வொரு படியெடுப்பிலும் அதுவும் குறையும். முதலில் பலியாவது இருண்ட பகுதிகளின் நுணுக்கம். என் திரையில் சிலேட்டராக நடித்த இராபர்ட் ரயனின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. பெலஃபாண்டேயின் முகமோ இரவுக் காட்சிகளில் நிழலோடு நிழலாகக் கரைந்து, கண்களின் வெண்மை மட்டும் அசைந்தது.

இதில் கருவியின் குற்றத்தோடு கருவியைச் செய்தோரின் பழக்கமும் கலந்துள்ளது. அமெரிக்காவில் வண்ணப் படச்சுருளின் அச்சு நிறத்தைச் சரிபார்க்க ஒளிப்படக் கூடங்களில் பல்லாண்டுகள் பயன்பட்ட அட்டையில் இருந்தது வெள்ளை மாதின் முகம். ‘சர்லி’ அட்டை என்றே அதற்குப் பெயர். அம்முகம் செவ்வனே அமைந்தால் எல்லாம் செவ்வனே அமைந்ததாகக் கொள்ளப்பட்டது. நாமும் குறைந்தவர்கள் அல்லர். கருநிற நாயகனுக்கும் வெளிறிய அரிதாரம் பூசியே நம் கறுப்பு வெள்ளைத் திரை அவனை ஏற்றது. எசு. பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ பாட்டின்றி, நடனமின்றி, நிழலையே மொழியாகக் கொண்ட அரிய படம். கன்னட நாடு தந்த பண்டரிபாய் அதில் நடித்ததை இவ்வூர்த் தமிழர் பெருமையோடு சொல்வர். ஆயினும் அதன் பொருள் நாட்டுத்துரோகம். தோலின் நிறத்தையோ பிறப்பையோ மையமாக்கிய இத்தகைய நிழற்படம் ஒன்று அக்காலத் தமிழில் பிறக்காதது எனக்கு என்றும் ஒரு குறை.

அந்நாடாவைப் பார்த்து வியந்த நான், நண்பர் குழுவில் அரை மணி நேரம் பேசினேன். இனவெறியின் இழிவைப் பற்றி உணர்ச்சியோடு பேசியதாக நினைவு. கைதட்டினார்கள்.

1991 திசம்பர் வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி இந்நகரில் தமிழர்மீது வன்முறை மூண்டது. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டுச் சென்னைப் படையோடும் தொழிலோடும் வந்து வேரூன்றியவர்கள் எம்மவர். அன்று கதவைத் தாழிட்டு விளக்கணைத்து இருந்தோம். எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் வாயிலில் போட்டு இரண்டு இரவுகள் அமர்ந்திருந்தார். “நீங்கள் தூங்குங்கள் சார், நான் இருக்கிறேன்” என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சின் ஒலியைக் கொண்டே ஒருவனை அடையாளமிட்டு அடிக்கலாம் என்ற நிலை எத்தகையது என்பதை அவ்விரவுகளில் அறிந்தேன்.

அறிந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

1996இல் எங்கள் மாடிப் பகுதி காலியானது. வாடகைக்குக் கேட்டு ஒரு மாணவர் வந்தார். சூடான் நாட்டவர், மருந்தியல் படிப்பவர். தூய வெள்ளைச் சட்டை, கையில் கல்லூரிச் சான்று, மூன்று மாத முன்பணம். “அங்கிள், நான் சத்தம் போடமாட்டேன், நண்பர்களை அழைத்து வரமாட்டேன்” என்று கேளாமலே உறுதி கூறினார். இதற்கு முன் எத்தனை வீடுகளில் அதைச் சொல்ல நேர்ந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. உட்கார வைத்தேன்; காப்பி கொடுத்தேன். தம்பி என்றுகூட அழைத்தேன். என் மைத்துனர் குடும்பம் ஊரிலிருந்து வரப்போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி எவரும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் தம் திண்ணையில் நாளிதழோடு அமர்ந்து யாவற்றையும் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் எம்மவர் குடும்பமொன்று குடியேறியபோதும் கேட்கவில்லை.

படம் 2003இல் அமெரிக்காவில் ஒளித்தட்டாக வெளிவந்தது. என் அண்ணன் மகன் மறு ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொணர்ந்தான். இரண்டாம் முறை பார்க்கையில் கதைக்குப் பின்னுள்ள கதைகளில் என் மனம் சென்றது. திரைக்கதையை எழுதியவர் ஆபிரகாம் பொலான்சுகி. இடதுசாரி என்பதற்காக ஆலிவுட்டின் விலக்குப் பட்டியலில் இருந்த அவர், தம் பெயரில் எழுத இயலாமல் கறுப்பின நாவலாசிரியர் ஜான் கில்லன்சின் பெயரை இரவல் பெற்றார். எழுத்தாளர் சங்கம் அவர் பெயரை அவருக்கு மீட்டுக் கொடுத்தது 1996இல். அவ்வாண்டை வாசித்தபோது என் மாடிப்படி நினைவுக்கு வந்தது. உடனே அதை ஒதுக்கினேன். இராபர்ட் ரயன் தம் வாழ்வில் சமத்துவத்திற்காகக் குரல் கொடுத்தவர் என்ற செய்தியில் ஆறுதல் தேடினேன்.

2018இல் புளூ-ரே வடிவம் வந்தது. 1080 கோடுகள். அதுவும் அண்ணன் மகன் வழியே கிடைத்ததுதான். பார்க்கும் கருவியையும் அவனே வாங்கித் தந்தான். முப்பது ஆண்டுகளாக நிழலாய் இருந்த முகம் அன்று வெளிப்பட்டது. வங்கித் தெருவில் மாலை வரக் காத்திருக்கும் இன்கிராமின் முகத்தில் எத்தனை சோர்வு, எத்தனை அருவருப்பு, எத்தனை கணக்கு! அவன் நல்லவனாகவும் இல்லை. வெள்ளையரோடு பழகும் தன் முன்னாள் மனைவியைக் கடுஞ்சொல்லால் குத்துகிறான். அதுவும் அம்முகத்தில் தெரிந்தது.

ஆனால் என்னை உலுக்கிய காட்சி அதுவன்று. படத்தின் தொடக்கத்திலேயே வருவது. காற்று வீசும் தெருவில் சிறுவர் விளையாடுகின்றனர். ஓடிவந்து மோதும் கறுப்பினச் சிறுமியைச் சிலேட்டர் தூக்கிச் சிரித்துக் கொஞ்சுகிறான். கொஞ்சும் அச்சொல்லே இழிசொல். அவன் வாயில் அது அன்பாகவே வருகிறது. முதல் இரு முறையும் இக்காட்சியை நான் கவனித்ததே இல்லை. வெறி என்றால் பற்களைக் கடிக்கும் என்று எண்ணியிருந்தேன். தம்பி என்று அழைத்துக் காப்பி கொடுத்த என் குரல் எனக்குக் கேட்டது. தொலையியக்கியை அழுத்தி நிறுத்தினேன். இல்லத்தாள், “என்ன, தட்டு சிக்கிக்கொண்டதா?” என்றாள்.

எதிர்வீட்டுப் பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1996இல் அவர் ஏதேனும் கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பேன் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். மைத்துனர் கதையையே அவரிடமும் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

சென்ற மாதம் மாடிப் பகுதி மீண்டும் காலியானது. மகள் அட்டையில் அழகாக எழுதி வாயிலில் தொங்கவிட்டாள்: ‘வாடகைக்கு. சைவக் குடும்பத்தினர்க்கு மட்டும்.’ இவ்வரியின் பொருள் உணவோடு நிற்பதில்லை என்பது எழுதுவோர்க்கும் தெரியும், படித்துவிட்டு மணியடிக்காமல் போவோர்க்கும் தெரியும். இரண்டாம் வரியை அழித்துவிடு என்றேன். “ஏன் அப்பா, எல்லார் வீட்டிலும் இப்படித்தானே போட்டிருக்கிறது?” என்றாள். 1996ஆம் ஆண்டுக் கதையை அவளிடம் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு அந்த மாணவரின் பெயரைக் கேட்டாள். அவர் காட்டிய சான்றில் அது எழுதியிருந்தது; நான் படிக்கவில்லை.