இறங்க ஒரு வயல் வேண்டும்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் அரபிக்கடல். கிழக்கே பார்வதி புத்தனாறும் நெருக்கியடித்த வீடுகளும். கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932இல் உருவான நிலையம் இது. ஆராட்டு நாட்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போகும்வரை விமானங்கள் காத்திருக்கும்.

2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் எஃப்-35 போர் விமானம் ஒன்று அவசரமாக இங்கே இறங்கி, 38 நாட்கள் தங்கிவிட்டுப் போனது. அதற்கு மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதை இருந்தது. இதே வளாகத்தில் மாணவர்கள் பயிலும் ஒற்றை எஞ்சின் செஸ்னா, நடுவானில் எஞ்சினை இழந்தால் எங்கே போகும்?

உடனே கல்லாக விழுந்துவிடாது. செஸ்னா 172 ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னேறும். ஆயிரம் அடி உயரத்தில் விமானியின் கையிருப்பு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். கிளம்பிய சில நொடிகளில் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பத் தோன்றும். தாழ்வான உயரத்தில் அந்த ஆசை உயிருக்கே உலை வைக்கும். முன்னால் தெரியும் இடங்களில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

முதலில் காற்று. தென்னங்கீற்றின் சாய்வும் அடுப்புப் புகையும் அதன் திசையைச் சொல்லும். எதிர்காற்றில் இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும். அடுத்தது நீளம், பிறகு தடைகள். மின்கம்பி மேலிருந்து தெரியாது. கம்பங்களைத் தேட வேண்டும். அறுவடை முடிந்து காய்ந்த வயல் உத்தமம். நீர் நிற்கும் நடவு வயலோ சக்கரத்தைக் கவ்வி விமானத்தையே குப்புறக் கவிழ்த்துவிடக்கூடும். வரப்பைக் குறுக்கே வெட்டாமல், அதன் போக்கிலேயே இறங்க வேண்டும். தேர்ந்தபின் மனம் மாறக்கூடாது.

சங்குமுகம் கடற்கரை? கடலரிப்பு தின்றது போக மிஞ்சிய மணலில் படகுகளும் வலைகளும் மாலைக் கூட்டமும். தன் உயிரைக் காக்கப் பிறர் தலையில் இறங்க முடியாது.

2022 ஜூலையில் புனே மாவட்டம் இந்தாபூர் அருகே பயிற்சி விமானம் வயலில் விழுந்தபோது மாணவி காயங்களுடன் தப்பினார். 2025 நவம்பரில் கீரனூர் அருகே இன்னொரு பயிற்சி விமானத்துக்குத் திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையே ஓடுபாதையானது.

திருவனந்தபுரத்து விமானிக்கு வெள்ளாயணி ஏரியோரத்துப் புஞ்சக்கரி வயல்கள் இன்னும் இருக்கின்றன. தெற்கே எல்லை தாண்டினால் நாஞ்சில் நாட்டு வயல்கள். ஆனால் இரு பக்கமும் மண் கொட்டி மனையாக்கும் வேலை நடந்தபடியே இருக்கிறது. நெல்வயலைக் காக்கக் கேரளம் 2008இல் சட்டமே போட வேண்டியிருந்தது. சோற்றுக்காகவும் நிலத்தடி நீருக்காகவும் வந்த சட்டம் அது. மேலே எஞ்சின் நின்றுபோனவருக்கும் அந்தப் பச்சைத் துண்டுதான் கதி.