தூண்டிலோடு கல்வராயன் மலைப் பக்கம்... ஒரு விரால் பயணம்!

சாலையே இல்லாத ஏரிக்கு விமானத்தில் போய் இறங்கி மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. வட கனடாவில் இது ஒரு சுற்றுலாத் தொழில். சக்கரத்துக்குப் பதிலாக மிதவைகள் பொருத்திய சின்ன விமானம் ஏரித் தண்ணீரிலேயே இறங்கும். நாலைந்து நாள் மரக்குடிலில் தங்கி, 'பைக்' என்கிற மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் அந்த மீன், நீர்ச்செடிகளுக்கு நடுவே அசையாமல் பதுங்கிக் கிடக்கும். இரை பக்கத்தில் வந்ததும் அம்பு போல் பாயும்.

நம் ஊரில் பைக் கிடையாது. ஆனால், அதே குணமுள்ள மீன் ஒன்று நம் ஏரி, குளங்களில் இருக்கிறது. அதுதான் விரால். அதைத் தேடிப் போக விமானம் எதற்கு? கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

மலையடிவாரத்து அணை

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. ரயிலில் வருபவர்கள் சின்னசேலத்தில் இறங்கலாம். நகரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சுமார் 15 கி.மீ. போனால், கல்வராயன் மலை எதிரே சுவர் போல் எழும்பி நிற்கும். அதன் காலடியில் கோமுகி அணை.

அணையின் உயரம் 46 அடி. பொட்டியம், கல்படை போன்ற மலை ஓடைகள்தான் இதற்கு உயிர். மலையில் மழை கொட்டினால் இங்கே மளமளவென்று தண்ணீர் ஏறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தால் அணை நிறைந்து, பின்னணியில் மலை பச்சைப் பசேலென்று தெரியும். வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கோமுகி ஆறு மணிமுக்தாவோடு சேர்ந்து வெள்ளாற்றில் கலக்கிறது.

தக்கை அசைந்தால்...

மூங்கில் கழி, நரம்பு, முள், ஈயக்குண்டு, தக்கை. இவ்வளவுதான் நாட்டுத் தூண்டில். கெளுத்திக்கு மண்புழு, கெண்டைக்குப் பிசைந்த மாவு. ஜிலேபி மீனோ எதைப் போட்டாலும் வந்து கொத்தும். விராலுக்கு மட்டும் இரை உயிரோடு துள்ள வேண்டும். சின்ன மீனோ தவளையோதான் சரிப்படும். கெண்டை தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிப் பார்க்கும். விரால் ஒரே இழுப்பில் தக்கையை முக்கிவிடும்.

விரால் நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் குளம் வற்றிச் சேறாகும்போதும் தாக்குப் பிடிக்கிறது. சந்தையில் தண்ணீர்ச் சட்டியில் உயிரோடு நெளிவதும் அதனால்தான். செடிகள் மண்டிய ஓரத்தில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்டால், அங்கே விரால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அனுபவசாலிகள் அந்த இடத்தைக் குறி வைத்துத்தான் தூண்டில் போடுவார்கள்.

சிவப்புக் குஞ்சுகளைப் பார்த்தால்...

இங்கேதான் ஒரு சங்கடம். அணையும் ஏரியும் நிறையும் மழைக்காலம்தான் விரால் குஞ்சு பொரிக்கும் காலமும். பைக் முட்டையிட்டதோடு போய்விடும். குஞ்சுகளைத் திரும்பிப் பார்க்காது. விரால் அப்படியல்ல. முட்டையையும் குஞ்சுகளையும் கூடவே இருந்து காவல் காக்கும். செம்பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பந்து போல் திரண்டு நீர்ப்பரப்பில் மொய்க்கும். கீழே பெரிய மீன் சுற்றிச் சுற்றி வரும். குஞ்சுகளை நெருங்குகிற எதையும் அது பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரருக்கு இதைவிடச் சுலபமான வேட்டை இல்லை.

ஆனால், அந்த ஒரு மீனைத் தூக்கிவிட்டால், மற்ற மீன்களும் பறவைகளும் குஞ்சுக் கூட்டத்தைக் காலி செய்துவிடும். ஒரு வேளைக் குழம்புக்காக ஒரு தலைமுறையே போய்விடும். கனடாவில், குளிர்ந்த நீரில் மெல்ல வளர்ந்த பெரிய பைக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது பல ஏரிகளில் வழக்கம். இங்கே நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சிவப்புக் குஞ்சுகள் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுங்கள்.

மலை ஏறினால்...

அணையைத் தாண்டி வளைந்து ஏறும் சாலை, கரியாலூர், வெள்ளிமலைக்குப் போகிறது. கரியாலூரில் படகுச் சவாரி உண்டு; குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரியார், மேகம் நீர்வீழ்ச்சிகளும் இந்த மலையில்தான்.

மலையாளிகள் என்ற பழங்குடியினரின் பூமி இது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை, மரவள்ளி பயிரிடுவதும் கடுக்காய் சேகரிப்பதும் பிழைப்பு. 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. வந்து போகிறவர்கள் இங்கேயே தேனும் சாமையும் வாங்கினால், நேர்மையான பிழைப்புக்குக் கொஞ்சம் கை கொடுத்த மாதிரி இருக்கும்.

கிளம்பும் முன்...

* அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவது வழக்கம். மீன்வளத்துறையிலோ, குத்தகைக்காரரிடமோ கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள்.

* காப்புக்காட்டு ஓடைகளில் அனுமதியின்றி மீன் பிடிப்பது வனச்சட்டப்படி குற்றம்.

* வெடி வைத்தோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டின் மீன்வளச் சட்டமே தடுக்கிறது.

* மலையில் மழை என்றால் அருவியிலும் ஓடையிலும் இறங்க வேண்டாம். இங்கே வெயில் அடித்தாலும் மேலேயிருந்து வெள்ளம் வந்துவிடும்.

* அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலில் சிக்கினால் அதன் கதை முடிந்தது.

மீன் சிக்காவிட்டாலும் கவலை வேண்டாம். மார்கழிக் காலையில் அணைக்கரையில் உட்கார்ந்து, மலையிலிருந்து பனி இறங்குவதைப் பார்த்தபடி சூடாக ஒரு டீ குடித்தாலே, வந்த பஸ் கட்டணத்துக்குச் சரியாகிவிடும்!