பிடியின் விலை

பொருளின் விலையைப் பற்றி நம் இல்லங்களில் எக்காலத்திலும் இரண்டு கட்சிகள் உண்டு. "நல்லதாக ஒன்றை வாங்கிவிடு, பேரப்பிள்ளைகள் காலம்வரை வரும்" என்பது ஒரு கட்சி. "பெயருக்கும் பளபளப்புக்கும் பணம் கொடுப்பானேன்? வேலை நடந்தால் போதாதா?" என்பது மற்றொரு கட்சி. குடை முதல் குக்கர் வரை இந்த வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இரு பக்கமும் நியாயம் இருப்பதால் தீர்ப்பு மட்டும் கிடைப்பதில்லை.

இவ்வழக்கை இம்முறை நாம் எடுத்துக்கொள்வது ஒரு கைக்கருவியை முன்னிட்டு. பட்டறைகளில் அதை 'வைஸ்கிரிப்' என்பார்கள். 'கிரிப் பிளையர்' என்றும் சொல்வதுண்டு. பூட்டிக்கொள்ளும் குறடு அது. எழுத்தும் ஏடுமாக இருக்கும் இதழில் குறட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் குடும்பங்களில் எத்தனை பேர் இரும்பைத் தொட்டு உண்பவர்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இரும்புச் சாமான் கடை வைத்திருப்போர், இருசக்கர வாகனம் பழுது பார்ப்போர், வளைகுடா நாடுகளில் ஃபிட்டராகவும் வெல்டராகவும் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புவோர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார். அவர்களுடைய கருவியைப் பற்றிப் பேசுவது அவர்களுடைய சோற்றைப் பற்றிப் பேசுவதேயாகும்.

நம் தமக்கை மகன் ஒருவன் ஆறாண்டுகள் பிறர் பட்டறையில் வேலை பார்த்தான். பிறகு சொந்தமாக ஒரு சிறு கடை போட முடிவு செய்தான். தந்தையில்லாத பிள்ளை. அவன் தாய் தன் இரண்டு வளையல்களை விற்று முதல் கொடுத்தாள். அந்தப் பணத்தில் முன்பணமும் முதல் மாத வாடகையும் போக எஞ்சியது கொஞ்சம். அதற்குள் கருவிகள் அனைத்தும் வாங்கியாக வேண்டும். ஒரு தாளில் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தான். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு விலை எழுதியிருந்தவன், வைஸ்கிரிப்புக்கு எதிரே மட்டும் மூன்று விலை எழுதியிருந்தான். கடைசி விலை முதல் விலையைப் போல ஏழெட்டு மடங்கு.

"மாமு, இந்த ஒன்றின் விலைக்கு ஒரு ஸ்பேனர் செட்டே வந்துவிடும். உம்மாவிடம் நான் என்ன கணக்குச் சொல்வேன்?" என்றான்.

அவன் வலக்கையின் நடுவிரல் முட்டியில் ஒரு தழும்பு உண்டு. பழைய பட்டறையில் துருப்பிடித்த சைலென்சர் போல்ட்டைக் கழற்றும்போது, பெயரே பொறிக்கப்படாத ஒரு மலிவான குறடு பிடிவிட்டு நழுவ, கை போய் இஞ்சினின் விளிம்பில் மோதியது. மூன்று தையல்; ஒரு வாரக் கூலி போயிற்று. ஆகையால் அவன் கேட்டது வெறும் விலைக் கேள்வி அன்று. ஒரு பக்கம் தாயின் வளையல், மறு பக்கம் தன் கை. இரண்டுக்கும் நடுவே நின்றுதான் கேட்டான்.

அவனுக்கு விடை சொல்வதற்கு முன், இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. சாதாரணக் குறட்டில் பிடியின் வலிமை முழுவதும் நம் விரல்களின் வலிமையே. விரல் தளர்ந்தால் பிடியும் தளரும். வைஸ்கிரிப்பில் இரு கைப்பிடிகளுக்கும் இடையே சிறு இணைப்புத் தண்டு ஒன்று இருக்கிறது. கைப்பிடிகளை நாம் நெருக்கும்போது அத்தண்டு நேர்கோட்டை நோக்கி நிமிர்கிறது. நேர்கோட்டை நெருங்க நெருங்க, கையின் சிறு விசை தாடைகளில் பன்மடங்காகப் பெருகுகிறது. அக்கோட்டை மயிரிழையளவு தாண்டியதும் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. அதன் பிறகு நாம் கையை எடுத்துவிடலாம், அது விடாது. கைப்பிடியின் முனையிலுள்ள திருகு, எந்தப் பருமனுள்ள பொருளைப் பிடிக்க வேண்டும் என்பதையும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. சிறு நெம்புகோல் ஒன்று பூட்டைத் திறந்துவிடுகிறது.

விலையின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. பூட்டிய நிலையில் பிடியைத் தருவது, உலோகம் மிகமிகச் சிறிய அளவில் வளைந்து மீண்டும் நிமிர முயலும் அந்த விறைப்பு. ரிவிட்டுகள் சற்றே ஆடினாலும், தாடையின் பற்கள் மழுங்கினாலும், கைப்பிடித் தகடு மெலிந்து வளைந்தாலும், அந்த மயிரிழை விறைப்பு அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோகிறது. பார்வைக்குக் குறடு பூட்டியிருக்கும். உள்ளே பிடி இராது. நல்ல குறட்டின் தாடைகள் உலோகக் கலப்பு எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கப்பட்டு, முறையாகப் பதமேற்றப்பட்டிருக்கும். பதம் குறைந்தால் பற்கள் மழுங்கும், மிகுந்தால் உடையும். இந்த வேலைப்பாட்டுக்கு நாம் விலை கொடுத்தேயாக வேண்டும். ஆகவே முதல் கட்சிக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அவர் சொல்வது முழு உண்மையா? அதற்கு இக்கருவி பிறந்த ஊரின் கதையைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டி விட் என்றொரு சிற்றூர். டென்மார்க்கிலிருந்து குடியேறிய வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர் அங்கே உலை வைத்திருந்தார். வைஸில் மாட்டியதுபோல் இறுகப் பிடிக்கும், ஆனால் கையிலேயே எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கருவி தமக்கு வேண்டும் என்று எண்ணினார். பல முறை முயன்று, 1924-இல் பூட்டும் நெம்பமைப்புடன் கூடிய குறட்டை உருவாக்கினார். அதற்கு வைஸ்கிரிப் என்று பெயரிட்டுத் தம் காரிலேயே ஏற்றிச் சென்று உழவர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் விற்றார். 1934-இல் குடும்ப நிறுவனம் ஏற்பட்டது. 1938-இல் டி விட்டில் ஆலை எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் துறைகளில் அக்குறடு பெரிதும் பயன்பட்டது. பெயர் உலகெங்கும் பரவியது. எந்த நிறுவனம் செய்த பூட்டுக் குறடானாலும் நம் ஊர்ப் பட்டறைப் பையன்கள் 'வைஸ்கிரிப்' என்றே கேட்பது அந்தக் கொல்லர் இட்ட பெயரால்தான்.

காலம் மாறியது, நிறுவனம் கைமாறியது. 2008-இல் புதிய உரிமையாளர்கள் டி விட் ஆலையை மூடி, உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டு சென்றனர். சுமார் ஐந்நூறு பேர் வாழும் ஊரில் முந்நூறுக்கு மேற்பட்ட வேலைகள் போயின. குறட்டின் மேல் பொறித்த பெயர் மட்டும் மாறவில்லை. சில ஆண்டுகள் சென்றபின் மின்னசோட்டா மாநிலத்து மால்கோ நிறுவனம் அதே ஆலையை எடுத்து, 'ஈகிள் கிரிப்' என்ற பெயரில் மீண்டும் அங்கே குறடு செய்தது. தரம் உயர்ந்தது என்று தொழிலறிந்தோர் பாராட்டினர். விலையும் உயர்ந்தே இருந்தது. ஆயினும் மால்கோவின் அந்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. பாராட்டியவர்கள் பலர், அந்த விலைக்கு வாங்கியவர்கள் போதவில்லை போலும்.

இக்கதையில் இரு கட்சிக்காரருக்கும் பாடம் இருக்கிறது. பெயரை நம்பி விலை கொடுப்பவர், பெயரும் உலையும் ஒன்றல்ல என்பதை உணர வேண்டும். பெயர் ஓரிடத்தில் இருக்க, உலை வேறு நாட்டுக்குப் போய்விடலாம். எப்போதும் மலிவையே தேடுபவரோ, ஓர் ஊரின் அடுப்பு அணைந்ததில் தம்மைப் போன்ற கோடிக்கணக்கான வாங்குவோருக்கும் பங்குண்டு என்பதை எண்ண வேண்டும்.

பெயரையும் நம்ப முடியாது, விலையையும் நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? கண்ணையும் கையையும் நம்பலாம். மருமகனை அழைத்துக்கொண்டு நாம் கடைவீதிக்குச் சென்றோம். கடைக்காரர் பெருந்தன்மையுள்ளவர்; மூன்று விலைக் குறடுகளையும் மேசைமேல் வைத்து, "சோதித்துப் பாருங்கள் பாய்" என்றார்.

மருமகன் தொழிலாளியின் கண்ணோடு சோதித்தான். முதலில் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பற்கள் நேருக்கு நேர் பொருந்துகின்றனவா என்று பார்த்தான். அடுத்து, பாதி திறந்து பக்கவாட்டில் ஆட்டி, ரிவிட்டுகளில் தளர்ச்சி உண்டா என்று பார்த்தான். மூன்றாவதாக, திருகை முழுதும் சுழற்றி, எங்கும் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்தான். கடைசியாக, தலை மழுங்கிய பழைய போல்ட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, கடையின் வைஸில் மாட்டி, ஒவ்வொரு குறட்டாலும் கவ்வித் திருப்பினான்.

மலிவானது இரண்டாம் சோதனையிலேயே தோற்றது. தாடை பக்கவாட்டில் ஆடிற்று. போல்ட்டைத் திருப்பியபோது பற்கள் வழுக்கி, இரும்புத்தூளை மட்டுமே எடுத்தன. நம் நாட்டு நிறுவனம் ஒன்று செய்த இடைவிலைக் குறடு அழுத்தமாகக் கவ்வியது. ஏழெட்டு மடங்கு விலையுள்ள வெளிநாட்டுக் குறடும் கவ்வியது. அதன் திருகு வெண்ணெய்போல் ஓடியது. ஒரு விரலால் தட்டினாலே பூட்டு திறந்தது. ஆனால் போல்ட்டைப் பிடித்த பிடியில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியவில்லை.

மலிவானதிலிருந்து இடைவிலைக்கு ஏறியபோது நாம் வாங்குவது பாதுகாப்பு. இடைவிலையிலிருந்து உச்சவிலைக்கு ஏறும்போது வாங்குவது பெரும்பாலும் வசதியும் நீண்ட ஆயுளும். முன்னதற்குக் கொடுக்கும் பணத்தில் கைகூசலாகாது. பின்னதற்குக் கொடுக்கலாமா என்பது, நாளொன்றுக்கு எத்தனை முறை அக்கருவியைத் தொடப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. நாள் முழுதும் தகடுகளைக் கவ்வியும் விடுவித்தும் வேலை செய்பவருக்கு அந்த ஒரு விரல் வசதி மாலையில் மணிக்கட்டு வலியாமல் காக்கும். உயரத்தில் நின்றோ, கடல் நடுவே எண்ணெய்த் தளத்திலோ வேலை செய்பவருக்குக் கருவி கெட்டால் மாற்று எடுக்க வழியில்லை. அவர்கள் உச்சவிலை கொடுப்பது ஊதாரித்தனமாகாது. வெல்டரின் கதை வேறு. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்க அவருக்குப் பத்துப் பன்னிரண்டு குறடுகள் வேண்டும்; அவற்றின்மேல் தீப்பொறி தெறித்துக்கொண்டே இருக்கும். அவர் நடுத்தரமானதைப் பலவாக வாங்குவதே அறிவு. ஆண்டுக்கு நான்கு முறை குழாயைத் திருகும் வீட்டுக்காரருக்கும் நடுத்தரமே போதும்.

மருமகன் இடைவிலையில் பத்து அங்குலக் குறடு ஒன்றும், ஒடுங்கிய மூக்குள்ள சிறியது ஒன்றும் எடுத்தான். மிஞ்சிய பணத்தை என்ன செய்யப்போகிறாய் என்றோம். அவன் சொன்ன விடை நம்மை வியக்க வைத்தது.

"நல்ல ஸ்பேனர் செட் எடுக்கப்போகிறேன் மாமு. மட்டமான ஸ்பேனர் வாய் விரிந்து நட்டின் மூலையை மழுக்கும். மழுங்கிய நட்டைக் கழற்றத்தான் வைஸ்கிரிப்பைத் தேடுகிறோம். ஸ்பேனர் நன்றாக இருந்தால், வைஸ்கிரிப்புக்குப் பாதி வேலை குறைந்துவிடும்."

நூல்களில் தேடியும் கிடைக்காத பொருளாதாரம் இது. கெட்டுப்போன பின் மீட்கும் கருவிக்குச் செலவிடுவதைவிட, கெடாமல் காக்கும் கருவிக்கு முதலில் செலவிடு என்பது அதன் சாரம்.

வாங்கியதோடு கடமை முடிவதில்லை. நல்ல நட்டின்மேல் வைஸ்கிரிப்பை வைத்தால் அதன் பற்கள் மூலைகளைக் கடித்துப் பாழாக்கும். ஸ்பேனர் ஏறும் இடத்தில் அதற்கு வேலையில்லை. கைப்பிடியில் குழாயை மாட்டி நெம்புவதும், சுத்தியலுக்குப் பதிலாக அதனால் அடிப்பதும் இணைப்புகளைத் தளர்த்திவிடும். மின்சாரம் ஓடும் இடத்தில் அதை நம்பக்கூடாது. அதன் உடல் முழுதும் இரும்பு. மூட்டுகளுக்கும் திருகுக்கும் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, வேலை முடிந்ததும் பூட்டைத் திறந்து வைத்தால் போதும். விலை உயர்ந்த குறடும் பராமரிப்பு இல்லாவிடில் ஈரான்டில் மலிவுக் குறடாகிவிடும்.

மகனுடைய திருமணத்துக்குக் கைக்கடிகாரத்தை விலை பாராமல் வாங்குகிறோம். அவன் உழைப்புக்குப் போகும் நாளில், பையில் போடும் கருவியை மட்டும் பேரம் பேசி, கடையில் ஆகக் குறைந்த விலையில் எது என்று கேட்டு வாங்குகிறோம். கடிகாரம் நேரத்தைக் காட்டும். கருவியோ அவன் விரல்களைக் காக்கும். அடுத்த முறை நம் பிள்ளைகளுள் ஒருவன் கருவிப் பட்டியலோடு வந்து நிற்கும்போது, எது மலிவு, எது உயர்வு என்று கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்போம்: "இதை நம்பி நீ எதைப் பிடிக்கப்போகிறாய், தம்பி? அது நழுவினால் உன் கை எங்கே போய் மோதும்?" அவன் சொல்லும் விடையில் சரியான விலை இருக்கும்.