பில் கம்பி

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபுக்காக முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மெஷின் தடதடக்கிறது. மேஜைமேல் பில் குத்தி வைக்கும் கம்பி. அடிக்கட்டை தெரியாத அளவுக்குத் தாள் ஏறிக் கிடக்கிறது. மேஜை பக்கவாட்டில் இருப்பதால் கம்ப்யூட்டர் திரையும் எனக்குத் தெரிகிறது.

கணக்கு எழுதும் பெண் மொத்தத்தையும் உருவித் தலைகீழாகக் கவிழ்க்கிறாள். பழைய பில் மேலே வந்துவிட்டது. டேலியில் எஃப் 5 தட்டுகிறாள்.

முதல் தாள் டீசல். பங்கில் கொடுக்கும் வழவழப்புத் தாள், எழுத்து பாதிக்குமேல் மங்கிவிட்டது. டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து எண்களைப் படிக்கிறாள். அதன் முதுகில் தேதியும் தொகையும் பேனாவால் எழுதிய பிறகுதான் கணக்கில் ஏற்றுகிறாள். டீசல் ஜிஎஸ்டிக்குள் வராது, இதில் திரும்ப எடுக்க வரியும் இல்லை. இருந்தாலும் செலவு செலவுதானே.

மை வாங்கிய பில்லில் கை நின்றுவிடுகிறது.

"தம்பி, இதுல நம்ம ஜிஎஸ்டி நம்பரே இல்லையே?"

"கடையில சொன்னேன்க்கா."

"சொன்னா ஆச்சா? 15 எழுத்தும் விழுந்திருக்கான்னு பாத்து வாங்கணும். இல்லாட்டி இன்புட் போச்சு."

நடுவில் ஓட்டை விழுந்த அந்த பில் பையனின் சட்டைப் பைக்குப் போகிறது.

ரீம் இறக்கிய கூலி 420. அதற்கு பில் ஏது? வவுச்சரில் ஒரு கையெழுத்து, ஒரு கைநாட்டு. சட்டென்று ஏறிவிட்டது.

மெக்கானிக்குக் கொடுக்கவேண்டியது 12,000. அண்ணாச்சி கல்லாவைத் திறந்து நோட்டை எண்ண ஆரம்பிக்கிறார்.

"அண்ணாச்சி, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா இன்கம்டாக்ஸ்ல செலவா ஏத்துக்க மாட்டாங்க."

"ரெண்டு தேதி போட்டு ஆறு ஆறா எழுதேன்."

அவள் பதில் சொல்லவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ஃபேன் காற்றில் பில்கள் படபடக்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி நோட்டுகளைத் திரும்பக் கல்லாவில் போட்டுவிட்டு போனை எடுக்கிறார். "அக்கவுண்ட் நம்பரைச் சொல்லு." மடியிலிருந்த கை மேலே வருகிறது. சட்டத்தைவிட அந்தக் கைக்குத்தான் அவர் பயந்தார் என்று எனக்குப் படுகிறது.

கடைசியில் ஒரு அட்டைக் கிழிசல்: 'பெரியவர் 200'.

"இதை எதுல எழுத அண்ணாச்சி? கூலியா?"

"அவர் வேலையை விட்டு நாலு வருசமாச்சே..." தாடையைச் சொறிகிறார். "என் பேர்ல எழுது."

டிராயிங்ஸ் என்று போடுகிறாள்.

பிறகு கல்லா. திரையில் 13,846, எண்ணினால் 13,834. இன்னொரு தடவை எண்ணியும் அதே 13,834. மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள். பையனைப் பார்க்கிறாள். அப்புறம் என் பக்கம் திரும்புகிறாள். என் நாற்காலிக்குக் கீழே காலி பேப்பர் கப்.

மறுபடி எஃப் 5. டீ செலவு, 12.