அமானிதம் சுமக்கும் கம்பி

எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் நம் குடும்பங்களில் கடிதத்திற்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். அவன் பெயர் கேசட். வளைகுடா நாடுகளுக்குப் பொருள் தேடச் சென்ற ஆண்மக்கள், எழுதி மாளாதவற்றைப் பேசி அனுப்பினார்கள். ஊர் திரும்பும் யாரேனும் ஒருவரின் பெட்டியில், அத்தர்ப் புட்டிக்கும் வாசனைச் சோப்புக்கும் நடுவே அது வந்து சேரும். கடிதம் படித்துக் காட்ட அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைக்க வேண்டிய கூச்சம், எழுத்தறியாத தாய்மார்களுக்கு அதனால் நீங்கிற்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டி, பிரிந்திருந்த இல்லங்களுக்குத் தூதுவனாகவே ஆகிவிட்டது.

என் அத்தா தம்மாமில் பணிபுரிந்த காலத்தில் அனுப்பிய கேசட்டுகளில் பதினொன்று எங்கள் ஆடலூர் வீட்டில் எஞ்சியுள்ளன. ஸலாத்துடன் தொடங்கும் அந்தப் பேச்சில் பெரிய செய்திகள் எவையும் இல்லை. காப்பி பூத்துவிட்டதா, மிளகுக் கொடிக்கு வாட்டம் உண்டா, யானை இறங்கி மலைவாழையை முறித்ததா, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்கிறார்களா என்னும் விசாரணைகளே நிறைந்திருக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவின் நீளம் ஏறத்தாழ 86 மீட்டர். அத்தா மறைந்துவிட்ட பின்னர், அந்த நாடாதான் அவர் குரலுக்கு வீடு.

என் தாயாருக்கு இப்போது 78 வயது. இடச் செவி முற்றும் அடைத்துவிட்டது. வலச் செவிக்கும் ஒலியைப் பெருக்கித் தந்தாலொழியக் கேளாது. ஆகவே, பழைய கேசட் பிளேயரிலிருந்து கைக்கடக்கமான ஓர் ஒலிபெருக்கிக்கும், அதிலிருந்து ஹெட்போனுக்குமாக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பிளேயரையும் பெருக்கியையும் இணைப்பது, இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பிளக் கொண்ட ஒரு குட்டைக் கம்பி.

சென்ற மாரிக்காலத்தில் ஒரு நாள் மாலை, தாயார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னை நோக்கினார்கள். "அத்தா பேச்சை நிறுத்திட்டாங்களே! டேப்பு அழிஞ்சு போச்சா?" என்று கேட்ட அந்தக் குரலில் இருந்த அச்சத்தை எழுத்தில் வடிக்க இயலாது. நான் ஹெட்போனை எடுத்து அணிந்தேன். இடப்புறத்தில் அத்தா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வலப்புறம் மட்டுமே ஊமையாகியிருந்தது. நாடா அழியவில்லை. கடையில் வாங்கிய கம்பி, பிளக்கின் கழுத்தருகே மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருந்தது.

புதிதாக வாங்கிய இன்னொன்றும் சில மாதங்களே உழைத்தது. அதில் ஒலியோடு ஓர் இரைச்சலும் ரீங்காரமிட்டது. வார்ப்பு ரப்பரால் மூடிய பிளக்கைத் திறந்து பழுது பார்க்கவும் வழியில்லை. தாயார் மீண்டும் ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்கலாகாது என்று உறுதி செய்துகொண்டு, கம்பியை நானே செய்வதெனத் துணிந்தேன்.

பிளக்கைக் கூர்ந்து நோக்கினால் அதன் உலோகத் தண்டு இரு கறுப்பு வளையங்களால் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நுனி இடச் செவிக்குரியது. நடு வளையம் வலச் செவிக்குரியது. அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான தரை. இதற்கு மூத்த உறவான கால் அங்குல பிளக், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் இணைப்புத் தரப் பயன்பட்டது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்த பிறகு இந்தச் சிறிய வடிவம் உலகெங்கும் பழகிற்று.

சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்லும் மைத்துனரிடம் சொல்லி, திருகிக் கழற்றக்கூடிய உலோக பிளக் இரண்டு, உள்ளே இரு இழைகளும் அவற்றைச் சுற்றிச் செம்புப் பின்னலும் உடைய கம்பி ஒரு மீட்டர், வெப்பத்தில் சுருங்கும் குழாய், ஈயமும் தகரமும் கலந்த சால்டர் ஆகியவற்றை வரவழைத்தேன். செம்புப் பின்னல்தான் இதில் உயிர்நிலை. சட்டைப்பை வானொலியில் கொடைக்கானல் பண்பலை கேட்போரின் இயர்போன் கம்பியே ஆன்டெனாவாகவும் உதவுகிறது. கம்பிக்குக் காற்றிலுள்ளதைப் பிடிக்கும் இயல்பு உண்டு. நம் இணைப்புக் கம்பி அப்படி எதையும் பிடிக்கலாகாது. வீட்டு மின்கம்பிகளிலிருந்து கசியும் 50 சுழற்சி முழக்கத்தைப் பின்னல் தன்மீது ஏற்றுத் தரைக்கு அனுப்பிவிடுகிறது.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கின் மூடியையும் சுருங்கு குழாயையும் கம்பியில் கோத்துவிட வேண்டும். பற்றவைத்த பின்னர் அவை ஏறா. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். சால்டரைச் சூடாக்கி மேலே சொட்டவிடுவது முறையன்று. இணையவேண்டிய உலோகத்தைச் சூடாக்கினால் சால்டர் தானே பரவி ஒட்டிக்கொள்ளும். ஆறும் வரை கை அசையலாகாது. அசைந்தால் பளபளப்பு மங்கி, பார்வைக்குப் பிணைந்தும் உண்மையில் பிணையாமலும் நிற்கும். ஈயம் கலந்தது ஆதலின் சன்னலைத் திறந்து வைப்பதும், வேலை முடிந்ததும் கையைக் கழுவுவதும் கடமை.

இறுதியில் மல்ட்டிமீட்டர் கொண்டு நுனிக்கு நுனி, வளையத்திற்கு வளையம், அடிக்கு அடி தொடர்பு உண்டா என்று பார்த்தேன். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கக் கூடாது என்பதையும் சோதித்தேன். பிறகு கழுத்தருகே சுருங்கு குழாயை இரண்டு அடுக்காக இட்டேன். முன்னைய கம்பிகள் அறுந்த இடம் அதுவன்றோ!

வெள்ளிக் கம்பியில் செய்தால் ஒலி தேன்போல் இனிக்கும் என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் விலை பெறுவோரும் உளர். கணக்கு வேறு சொல்கிறது. வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பது மெய்யே. ஆயினும் அரை மீட்டர் செம்பிழையின் மின்தடை ஓர் ஓமில் சிறு பின்னம். அதைப் பெறும் பெருக்கியின் உள்வாய்த் தடையோ பல்லாயிரம் ஓம். அந்த ஐந்து பங்கு வேறுபாட்டைச் செவி அறியாது. நல்ல பிணைப்பும் நல்ல பின்னலும் இருந்தால் செம்பே போதும்.

கம்பியின் அறம் எளியது. தன்னிடம் ஒப்படைத்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரியவரிடம் சேர்க்க வேண்டும். நம் பெரியோர் அமானிதம் என்று சொல்வதும் இதைத்தானே! புதிய கம்பியை மாட்டியபோது தாயார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு, "காப்பி நல்லாப் பூத்திருக்குங்க" என்று மெல்ல விடை சொன்னார்கள்.

இப்போது அதே கம்பியின் மறுமுனையைக் கணினியில் செருகி, பதினோரு கேசட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவருகின்றேன். மலையின் ஈரத்தில் நாடா பூசணம் பூக்கும். காந்தப் பூச்சு உதிரும். உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும். அவற்றிற்குள் பேசிக்கொண்டிருப்பவர்களை இன்னும் காக்க வைக்காதீர்கள். தேவைப்படுவது ஒரு முழக் கம்பியும் ஒரு மாலைப் பொழுதும் மட்டுமே.